ஐந்தாம் அடுக்கு

மைனஸ் இருபதில் சீவுகிறேன்.
வெங்காயச் சருகைவிட மெலிசாய்
ஒரு சுண்டெலிக் குஞ்சின் மூளை
கண்ணாடித் துண்டில் வந்து ஒட்டிக்கொள்கிறது.
வெளியே ஆகஸ்ட்.
சல்மானியாத் தெருவில் காலெடுத்து வைத்தால்
என் மூக்குக்கண்ணாடி குருடாகிவிடும்.

எது இயல்பான குஞ்சு, எதில் ஜீனை எடுத்தார்கள்,
எனக்குத் தெரியாது. தெரியவும் கூடாது.
டாக்டர் ஹனான் அந்தச் சீட்டை உறையிலிட்டு ஒட்டி
இழுப்பறையில் பூட்டியிருக்கிறார்.
எனக்கு வெறும் எண்கள்:
பதினொன்று, பதினேழு, முப்பது.

வியாழன் இரவு. அமலதாஸ்
அல்கோபரிலிருந்து புறப்பட்டிருப்பான்.
அவன் இகாமாவில் 'கணக்கர்' என்றிருக்கிறது.
கிடங்கில் உறைந்த கோழிப் பெட்டி எண்ணுகிறவன்,
பொய் என்றும் சொல்லிவிட முடியாது.
'நாம ரெண்டு பேருமே குளிர்ல எண்ணுற சாதி'
என்பான், பாலம் தாண்டி வந்து
சோற்றில் கை வைக்கும்போது.

மூளை கட்டப்படும்போது
பிறந்த நாளை வைத்தே இடம்.
சோதிடமில்லை, நான் எண்ணிப் பார்த்தது.
முதலில் பிறந்த செல் அடியில் தங்கும்.
பிந்திப் பிறந்தது அண்ணன்மாரை
இடித்துக்கொண்டு மேலே ஏறும்.
எல்லாருக்குள்ளும் ஒரே எழுத்துதான்,
ஓர் எழுத்து கூடக்குறைய இல்லை.

ஐந்தாம் அடுக்குக்காரர்களுக்கு நெடுந்தூர வேலை.
இழையைக் கீழே கீழே விட்டு
தண்டுவடம்வரை போகவேண்டும்,
முன்னங்கால் விரல் ஒன்று மடங்க.
'கீழே போ' என்று அவர்களுக்குச் சொல்வது ஒரே ஜீன்.
சொல்வதுகூட இல்லை.
'பாலம் கட' என்கிற இன்னொன்றின்
வாயைப் பொத்திப் பிடித்திருக்கிறது.

அந்தக் கையை எடுத்துவிட்டால்
செல் சாவதில்லை.
இழையைத் திருப்பிக்கொண்டு
மூளையின் மறுபாதிக்குக் கடந்துபோய்
அங்கேயே பிறந்ததைப்போலப் பேசத் தொடங்குகிறது.

வலப் பாதியில் வைத்த சிவப்புச் சாயம்
இழைவழி ஊறிவந்து
இடப் பாதியில் எதில் தெரிகிறதோ
அது கடந்த செல்.
பதினொன்றில் ஐந்தாம் அடுக்கு கறுப்பு,
அங்கொன்றும் இங்கொன்றும் சிவப்பு.
பதினேழைச் செருகினேன்.
மாதுளையைப் பிளந்து வைத்ததுபோல.

உறை திறக்காமலே தெரிந்துவிட்டது.
தெரிந்ததைத் தெரியாததாக்கிக்கொண்டு
ஒவ்வொன்றாய் எண்ணவேண்டும்.
இந்த வேலைக்குத்தான் எனக்குச் சம்பளம்.

நூற்றி எழுபதை நெருங்கும்போது போன் அதிர்ந்தது.

'பாலத்து நடுவுல நிக்கேன்.'
'வரிசையா?'
'வரிசையெல்லாம் முடிஞ்சி. கவுண்டர்ல விடமாட்டேங்கான்.
புதுப்பிச்ச இகாமாவுல கம்பெனி
தொழில மாத்திட்டான். நான் பாக்கவேயில்ல.'
'என்னன்னு போட்டிருக்கு?'

தொண்டையைச் செருமி,
அரபியை எழுத்துக்கூட்டி வாசித்தான்.
பிறகு தமிழில்: 'சுமை ஏத்துறவன்.'
அந்தத் தொழிலுக்கு இந்தப் பக்கம் முத்திரை இல்லையாம்.

பின்னால் ஹாரன்கள்.
அவன் மூச்சுக்கும் ஹாரனுக்கும் நடுவே கடல்,
அல்லது காரின் ஏசி.

'திரும்பி வண்டிய எடுக்கேன்.
நீ சாப்ட்டியா?'
'ம்.'
'பொய்.'
'ம்.'

எண்கருவியில் நான் அழுத்தியிருந்த எண்
நூற்றி எழுபத்திரண்டா, நூற்றி இருபத்தேழா,
கை பட்டு அழிந்துபோயிருந்தது.
சிவப்பு மட்டும் அப்படியே,
யாருக்கும் தாளைக் காட்டாமல்
கடந்து போய்ச் சேர்ந்த அத்தனையும்,
லென்ஸுக்கடியில் எரிந்துகொண்டிருக்க,

மேல் இடது மூலைக்கு நகர்த்தினேன்.
ஒன்று.